ஐந்து எண்ணி ஒரு மூச்சு

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, அமுக்கு. இவ்வளவுதான் வேலை என்று எஸ்தர் சிஸ்டர் சொல்லிக் கொடுத்துவிட்டு, "டீச்சர்தானே நீங்க, எண்ண வரும்ல" என்றார். கேலியில்லை, அவசரத்தில் வந்த பேச்சு. எண்ண வரும். பதினெட்டு வருஷமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன், ஒரு மோலில் எத்தனை அணு என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவேன், ஐந்தைத் தாண்டாமல் எண்ணுவதுதான் இன்றைக்கு வரமாட்டேன் என்கிறது. மனசு ஆறு, ஏழு என்று ஓடிவிடுகிறது, அது ஓடினால் கோவனுக்கு மூச்சு பிந்துகிறது. என் தம்பி கலைக்கோவன். அவன் வாய்க்குள் ஒரு குழாய், குழாயின் நுனியில் ரப்பர் பை, பை என் இரண்டு கைக்குள். அமுக்கினால் அவன் நெஞ்சு ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது, நான் சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்கிறது. மூச்சு மெஷின் இந்த ஆஸ்பத்திரியில் இரண்டு, இரண்டிலும் ஆள் இருக்கிறார்கள். மெஷின் வைத்த ஆம்புலன்ஸ் திருச்சியிலிருந்து நாலு மணிக்கு வந்துவிடும், அதுவரைக்கும் வீட்டு ஆள் யாராவது விடாமல் அமுக்க வேண்டும் என்றார்கள். அம்மாவுக்குக் கை நடுங்கும், அவளைக் கதவுக்கு வெளியே உட்கார்த்தியாயிற்று. அவன் பெண்டாட்டி தையல்நாயகி கட்டிலின் கால்மாட்டில் நிற்கிறாள், நிற்கிறாள் என்றுதான் சொல்ல முடியும், வேறெதுவும் செய்யவில்லை. எனவே நான். இப்போது மணி இரண்டு பத்து. நிமிஷத்துக்குப் பத்து என்றால் நாலு மணிக்குள் ஆயிரத்து நூறு தடவை. கணக்குப் போட்டிருக்கக் கூடாது, போட்டுவிட்டேன், கை அதற்குள்ளேயே வலிக்கிறது. மூன்று, நான்கு, ஐந்து, அமுக்கு.

காலையில் ஏழு மணிக்குப் பருத்திக்கு மருந்தடிக்கப் போனவன். பத்து மணிக்குப் பக்கத்துக் கொல்லைக்காரர் சின்னதம்பி பார்க்கும்போது பாத்திக்கு நடுவில் விழுந்து கிடந்திருக்கிறான், வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, வெளிக்குப் போனதுகூடத் தெரியாமல். முதுகில் மருந்தடிக்கும் டேங்க், பக்கத்தில் மருந்து பாட்டில், மூடி திறந்து காலியாக. நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து சேர்ந்தபோது அந்தக் காலி பாட்டிலைத்தான் சின்னதம்பி டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தார், நல்ல மனசோடு, எந்த மருந்து என்று தெரிந்தால் வைத்தியம் பார்ப்பார்களே என்று. டாக்டர் பெனாசிர் சின்னப் பெண், என் பழைய மாணவிகளில் ஒருத்தி வயசுதான் இருக்கும். லேபிளைப் படித்தாள், மோனோகுரோட்டோபாஸ், அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மேடம், உண்மையச் சொல்லுங்க. குடிச்சாரா?" மருந்தடிக்கப் போனான் என்றேன். "எல்லாரும் மொதல்ல அப்படித்தான் மேடம் சொல்வாங்க. போலீஸுக்காகக் கேக்கல. குடிச்சிருந்தா வயித்துல இன்னும் இருக்கும், அதுக்குத் தகுந்த மாதிரி நான் பாக்கணும்." இல்லை என்று சொன்னேன். தலையாட்டினாள், நம்பவில்லை. வயிற்றைக் கழுவினார்கள், விஷமுறிவுக்கு அட்ரோபின் ஏற்றினார்கள். பதினொன்றரைக்கு நன்றாக ஏறிவந்தது, நெஞ்சுச் சளி வற்றியது, நாடி தூக்கியது, கண்மணிகூடக் கொஞ்சம் விரிந்தது என்றாள். பன்னிரண்டுக்குத் திரும்பவும் இறங்கிவிட்டது. மறுபடி ஏற்றினாள், மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. "எங்கருந்தோ ஊறிக்கிட்டே இருக்கு மேடம். குடிச்சவங்களுக்குத்தான் இப்படி ஆகும்." எனக்கும் அதுதான் பயம். இதை இப்போது யாரிடமும் சொல்ல மாட்டேன், இந்தப் பையிடம் மட்டும் சொல்லலாம், அமுக்கு.

உடம்பில் நரம்பு என்ன செய்கிறது என்று பிள்ளைகளுக்கு நான் பள்ளிக்கூட மணியை வைத்துத்தான் சொல்லுவேன். நரம்பு மணியடிக்கும், தசை சுருங்கும், உடனே ஒருத்தர் ஓடிவந்து மணி நாக்கைப் பிடித்து நிறுத்துவார், அந்த ஆள் ஒரு நொதி. இந்த விஷம் போய் அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான். வேறெதையும் உடைப்பதில்லை, எரிப்பதில்லை. மணி அடித்துக்கொண்டே இருக்கும், நிறுத்த ஆளில்லை, கண்ணீர் நிற்காது, எச்சில் நிற்காது, வேர்வை நிற்காது, நுரையீரல் தன் தண்ணீரிலேயே முங்கும், தசையெல்லாம் துடித்துத் துடித்துக் கடைசியில் களைத்து விட்டுவிடும், மூச்சு விடுகிற தசையும் அதில் ஒன்று. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பாடவேளையில் யாரும் தூங்காமல் இருக்க நான் வைத்திருக்கும் கதை அது, வருஷத்துக்கு ஒரு தடவை, பத்து நிமிஷம். ஜெர்மனியில் ஒரு வேதியியலாளர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு, டிசம்பர் மாதம். யாரையும் கொல்ல நினைத்தவர் இல்லை, பயிரைத் தின்னும் பூச்சிக்கு ஒன்று தேடினார். ஒன்று கிடைத்தது. பத்து லட்சம் பங்கில் ஐந்து பங்கு கலந்து அடித்தாலே இலைப்பேன் அத்தனையும் செத்தது. சந்தோஷப்பட்டிருப்பார், நானாயிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். ஜனவரியில் அதே சரக்கு ஒரு சொட்டு மேஜையில் சிந்திவிட்டது, அவருக்கும் கூட வேலை பார்த்தவருக்கும் மூச்சு முட்டி மூன்று வாரம் வேலைக்கு வர முடியவில்லை. ஒரு சொட்டு பிள்ளைகளே, என்று நான் விரலைத் தூக்கிக் காட்டுவேன். வயலுக்கு ஆகாது என்று முடிவாயிற்று, ராணுவத்துக்கு ஆயிற்று. இரண்டு வருஷத்தில் அதைவிடக் கொடியது ஒன்று வந்தது. யுத்தம் முடிந்த பிறகு அதே குடும்பத்தில் கொஞ்சம் சாதுவான பிள்ளைகளாகப் பார்த்து வயலுக்கு அனுப்பினார்கள். பெரியவன் பட்டாளத்துக்குப் போனான், சின்னவன் விவசாயத்துக்கு வந்தான், ரத்தம் ஒன்றுதான், என்று முடிப்பேன். மணி அடிக்கும், நான் சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டு வெளியே வருவேன். அத்தனை வருஷமும் சாமர்த்தியமாகப் பேசியிருக்கிறேன், என் வாயைப் பொசுக்க.

அமுக்கு. பிந்திவிட்டது. ஏழு எண்ணிவிட்டேனோ. நெஞ்சு ஏறுகிறதா, ஏறுகிறது. கோவனுக்கும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், போன ஆடிக்கு ஊருக்கு வந்திருந்தபோது. கொல்லை வரப்பில் உட்கார்ந்திருந்தேன். அவன் சட்டையில்லாமல், லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தான், மருந்து பீய்ச்சும் நாசில் அடைத்துக்கொண்டது, கழற்றி வாயில் வைத்து ஊதினான், புல்லாங்குழல் மாதிரி சாவதானமாக. "டேய், அத வாயில வைக்காதடா" என்றேன். "குச்சியில குத்துனா ஓட்ட பெரிசாயிடும்க்கா, எல்லாரும் ஊதித்தான் எடுப்பாங்க" என்றான். அப்போது சொன்னேன் ஜெர்மனிக்காரர் கதையை. முழுசும் கேட்டுவிட்டுச் சிரித்தான். "அப்ப காய்ப்புழுவுக்கு நான் பட்டாளத்துக்காரனாக்கா?" நானும் சிரித்தேன். அதுதான். சிரித்துவிட்டு அவன் பறித்துக் கொடுத்த கொத்தவரங்காயைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கையுறை வாங்கிக் கொடுத்தேனா, முகத்துக்கு ஒரு கவசம் வாங்கிக் கொடுத்தேனா. பட்டுப் புடவை எடுத்தேன் அம்மாவுக்கு. ஊருக்குப் போனால் நான் டீச்சர் இல்லை, அக்கா, அக்காக்களுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று ஒரு சௌகரியம். அமுக்கு.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. அதைத் தொடாமல் எத்தனை சுற்று சுற்றினாலும் மனசு அங்கேதான் போய் முட்டுகிறது. மூன்று நாளைக்கு முன் மத்தியானம் போன் பண்ணினான். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "என்னடா?" "ஒன்னும் இல்லக்கா, சும்மாதான்." "சும்மான்னா அப்பறம் கூப்பிடறேன்டா, கட்டு முடியணும்." "சரிக்கா." கூப்பிடவில்லை. திங்கள் மறந்தேன், செவ்வாய் நினைத்தேன், நினைத்து மறந்தேன். கோவன் சும்மா போன் பண்ணுகிறவன் இல்லை. மாடு கன்று போட்டால் பண்ணுவான், யாராவது செத்தால் பண்ணுவான். சும்மா என்று ஒருநாளும் பண்ணியதில்லை. சும்மா என்றால் என்ன. தையல் அன்றைக்குத்தான் கோபித்துக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், அது எனக்கு இன்று பதினோரு மணிக்குத்தான் தெரியும், அம்மா இந்த வாசலில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "பேசியே கொன்னுட்டா. இந்த வருஷமும் பருத்தியா பருத்தியான்னு பேசியே எம்புள்ளைய அனுப்பிட்டா." தையல் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. திருப்பிப் பேசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கண்ணைப் பார்த்தேன், என் பயம்தான் அங்கேயும் இருந்தது, கேட்க வேண்டியிருக்கவில்லை. பெண்டாட்டி வீட்டில் இல்லை, அக்காவும் கட்டு முடியணும் என்கிறாள், பாட்டில் கையில் இருக்கிறது. இல்லை. என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை. எல்லா அக்காவும் இப்படித்தான் சொல்லுவாள். எங்கள் தலைமையாசிரியரும் அவர் மகள் விஷம் குடித்தபோது இப்படித்தான் சொன்னார். டேய் கோவா, நீ குடிச்சியா, அதை மட்டும் சொல்லுடா, திட்ட மாட்டேன். வாயில் குழாய் இருக்கிறது, எப்படிச் சொல்லுவான். ஒன்று, இரண்டு.

பை இறுகுகிறது. முன்னே பஞ்சு மாதிரி போனது, இப்போது அமுக்கினால் எதிர்த்துத் தள்ளுகிறது, குழாய்க்குள் நுரை ஏறி வருகிறது, இளஞ்சிவப்பாக. "சிஸ்டர்" என்றேன். எஸ்தர் சிஸ்டர் ஓடிவந்து மெல்லிய குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுத்தார், கர்ரென்று ஒரு சத்தம், அந்தச் சத்தம் நிற்கும்வரைக்கும் அமுக்கக் கூடாது, அந்தப் பத்து விநாடி நான் என் மூச்சை விடவில்லை. டாக்டர் பெனாசிர் வந்து கோவனின் இமையைத் தூக்கினாள். கண்மணி கடுகளவு, இந்த விஷம் ஏறினால் அப்படித்தான் சுருங்கும். மணி இரண்டு ஐம்பது. "திரும்ப எறங்குது. சிஸ்டர், இன்னும் எத்தன அட்ரோபின் ஆம்பூல் இருக்கு?" "வார்டுல ஆறு டாக்டர், ஸ்டோர்ல கேக்கணும்." "ஆறையும் போடுங்க. நீங்களே போயி எடுத்துட்டு வாங்க." போட்டார்கள். சிஸ்டர் ஸ்டோருக்கு ஓடினார், டாக்டர் பாம்பு கடித்து வந்த ஒருத்தரைப் பார்க்க அடுத்த அறைக்குப் போனாள், போகும்போது என் தோளைத் தொட்டு, "நாலு மணி வரைக்கும் இத இழுத்துட்டம்னா போதும் மேடம்" என்றாள். நாலு மணி வரைக்கும். ஊமத்தைக்கு உறவான ஒரு செடியில் கண்டெடுத்த மருந்து, விஷத்துக்கு விஷம், மணியைக் கேட்கிறவனின் காதைப் பொத்துகிற மருந்து. அது உள்ளே போகிற வேகத்தைவிட விஷம் ஊறுகிற வேகம் கூடுதலாக இருக்கிறது. எங்கிருந்து ஊறுகிறது. வயிற்றை மூன்று முறை கழுவியாயிற்று, கடைசியில் தெளிந்த தண்ணீர்தான் வந்தது என்று சிஸ்டரே சொன்னார். தெளிந்த தண்ணீர் வந்தால் வயிற்றில் ஏது. குடலுக்கு இறங்கியிருக்குமோ. யோசி, பூங்கோதை. பாடமாக யோசி, தம்பியாக யோசிக்காதே. மூக்கு வழி, வாய் வழி, மூன்றாவது எது என்று வகுப்பில் கேட்பாயே. டோக்கியோவில் சுரங்க ரயிலில் அதே குடும்பத்துப் பெரியவனை, அந்தப் பட்டாள விஷத்தை விட்டார்களே, ஆயிரக்கணக்கான பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்களே, வந்தவர்களை உடுப்போடு உள்ளே விட்டதால் பார்த்த டாக்டர்களும் நர்சுகளும் சேர்ந்து படுத்தார்களே. துணியில் ஊறும், தோல் குடிக்கும். முதலில் உடுப்பு, பிறகு வைத்தியம் என்று கரும்பலகையில் எழுதிக் கீழே கோடு போடுவாய். ஆனால் உடுப்பைக் கழற்றிவிட்டார்களே. லுங்கியை உருவிப் பையில் கட்டிவிட்டார்கள், சட்டை முதலிலேயே இல்லை, ஈரத்துணியால் துடைத்து வெள்ளைத் துணி போர்த்தியிருக்கிறார்கள். ஒன்றுமில்லை அவன் மேல். மூன்று, நான்கு, ஐந்து.

உறிஞ்சும்போது போர்வை நழுவியிருந்தது. இடுப்புக்கு மேலே வலது பக்கம் தெரிந்தது. உடம்பு முழுக்க அங்கங்கே தசை துடிக்கிறது, அதைக் காலையிலிருந்து பார்க்கிறேன், ஆனால் அந்த இடத்தில் துடிக்கவில்லை, நெளிகிறது, தோலுக்கு அடியில் புழு ஓடுவதுபோல. அங்கே மட்டும் வேர்வை முத்து முத்தாக நிற்கிறது. அட்ரோபின் ஏறிய உடம்பு நெற்றியில் வறண்டு கிடக்கிறது, இடுப்பில் மட்டும் எப்படி வேர்க்கும். அங்கே தோல் சிவந்து ஒரு கோடு, கோட்டின் மேல் கறுப்பாக, தடிமனாக, அவனுடைய அரைஞாண் கயிறு. அதில் ஒரு தாயத்து. கயிறு நனைந்திருக்கிறது. நான் அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே பார்த்தேன். ஆடி மாதம் வரப்பில் உட்கார்ந்து பார்த்ததை மறுபடி பார்த்தேன். டேங்க் காலியானதும் அவன் மோட்டார் கொட்டகைக்கு நடக்கமாட்டான், வாய்க்காலிலேயே தண்ணீர் மொண்டு, மருந்து பாட்டிலை மடியிலிருந்து எடுப்பான். வலது இடுப்பில், லுங்கி மடிப்பில், கயிற்றுக்கு உள்ளே சொருகி வைத்திருப்பான், கை அங்கேதான் போகும். மூடியால் அளந்து ஊற்றுவான், மூடியைத் திருகாமல் சும்மா கவிழ்த்து மறுபடி சொருகிக்கொள்வான். பாட்டில் காலி. குடித்ததால் காலியா, மடியில் கொட்டியதால் காலியா. தண்ணீர் கலக்காத மருந்து, முறுக்கிய பருத்திக் கயிற்றில். ஐந்து மணி நேரமாக. துடைத்தவர்கள் கயிற்றுக்கு மேலும் கீழும் துடைத்திருக்கிறார்கள், அதன்மேல் கை வைக்கவில்லை. வைக்க மாட்டார்கள். அது சட்டை இல்லை, லுங்கி இல்லை. ஆம்பிளைப் பிள்ளை பிறந்து கட்டிய பிறகு, பழசு நைந்தால் புதுசைக் கட்டிவிட்டுத்தான் பழசை எடுப்பார்கள், வெறும் இடுப்பாக ஒரு நிமிஷம்கூட விடமாட்டார்கள். வெறும் இடுப்பு எப்போது என்றால், செத்த பிறகு அதை அறுத்துவிட்டுக் குளிப்பாட்டிக் கிடத்தும்போது மட்டும்.

"தையலு, அந்தத் தட்டுல கத்திரிக்கோல் இருக்கு பாரு, எடு." எடுத்தாள். எதற்கென்று கேட்காமல் எடுத்தாள். "கோவனோட அரணாக்கயித்த வெட்டு." அவள் கத்திரிக்கோலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "அண்ணி, என்னா பேசறீங்க?" "மருந்து அதுலதான் ஊறியிருக்கு. அதுலருந்துதான் ஏறிக்கிட்டே இருக்கு. வெட்டி எடுத்துட்டு அந்த எடத்தச் சோப்புப் போட்டுக் கழுவணும். சீக்கிரம்." "உசுரு இருக்கறப்ப அத அறுக்கறதா? டாக்டரே அறுக்கச் சொல்லலியே." "டாக்டருக்குத் தெரியல. நான் சொல்றேன்ல." அவள் தலையை ஆட்டிக்கொண்டே பின்னால் போனாள். நானே எட்டிப் பிடிக்கப் பார்த்தேன், ஒரு கையில் பை, இன்னொரு கை அவன் மார்பு வரைக்கும்தான் போகிறது. "சரி, நீ வந்து இதப் புடி, நான் வெட்டறேன்." வந்து பிடித்தாள். அமுக்கினாள், குழாயிலிருந்து பை நழுவிக் காற்று பக்கவாட்டில் சீறியது, நெஞ்சு ஏறவில்லை, இன்னொரு தடவை, ஏறவில்லை, தலைமாட்டு மானிட்டரில் நாடி எண்கள் இறங்கத் தொடங்கின, பிடுங்கிக்கொண்டேன். அமுக்கு, அமுக்கு, வாடா, வா. ஏறியது. சிஸ்டர் என்று கத்தினேன், வராந்தாவில் என் குரல்தான் திரும்பி வந்தது. கதவின் கண்ணாடிக்கு வெளியே அம்மாவின் முகம் ஒட்டியிருந்தது. நிறுத்திவிட்டு நானே ஓடிப்போய் வெட்டினால் என்ன, எத்தனை விநாடி, பதினைந்து, இருபது, அந்தத் தடித்த கயிற்றை மழுங்கல் கத்திரிக்கோலால் அறுக்க இன்னும் பத்து. ஏற்கெனவே நீலம் பாரித்த உதடு. எனக்குத் தைரியமில்லை. சத்தியமாகத் தைரியமில்லை, என் கையால் ஒரு மூச்சைக்கூட நிறுத்த முடியாது. அவளைச் செய்யவைக்க வேண்டும், வேறு வழியில்லை. அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, அதைச் சொல்லக் கூடாது என்றும் தெரிந்தது. "தையலு, நீ இப்ப அறுக்கலன்னா நாளைக்குக் காலையில வேற ஆளு அறுப்பாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிறவரைக்கும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பிறகு வந்தாள், குனிந்தாள், கயிற்றுக்கு அடியில் இடது கை விரலை விட்டுத் தூக்கிப் பிடித்தாள், கத்திரிக்கோலைப் போட்டாள். முதல் தடவை வழுக்கியது. "துணியால புடி" என்று நான் சொல்லியிருக்க வேண்டும், ஒரு சொட்டு என்று பதினெட்டு வருஷமாக விரலைத் தூக்கிக் காட்டுகிறவள் சொல்லியிருக்க வேண்டும், நான் ஐந்து எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை, இழை இழையாக அறுந்தது. அவள் உதடு ஏதோ முணுமுணுத்தது, தன் குலதெய்வத்திடம் மன்னிப்புக் கேட்டாளோ, அவனிடம் கேட்டாளோ. கயிறு இரண்டாகி அவள் கையில் தொங்கியது, ஈரமாக, தாயத்தோடு. கோவனின் இடுப்பு வெறுமையாக இருந்தது. அதைப் பார்க்க மாட்டாமல் நான் பையைப் பார்த்தேன், எல்லாம் படித்த நானே. அவள் நிமிர்ந்தாள். சாமி படம் கீழே விழுந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுவோமே, தெரியாமல் புத்தகத்தை மிதித்துவிட்டால் செய்வோமே, அதைத்தான் செய்தாள், யோசித்துச் செய்யவில்லை. தாயத்தையும் கயிற்றையும் இரண்டு கையிலும் சேர்த்து அள்ளி வலது கண்ணில் ஒற்றினாள், இடது கண்ணில் ஒற்றினாள்.

"கீழ போடு தையலு, கீழ போடு, கண்ணு, கண்ணக் கழுவு" என்று நான் அலறியதும், கதவுக்கு வெளியே அம்மா கயிற்றைப் பார்த்துவிட்டதும் ஒரே நேரம். அவள் பார்த்தது அறுத்த அரைஞாண் கயிறு, அதைக் கண்ணில் ஒற்றும் மருமகள். வேறென்ன நினைப்பாள். "நான் பெத்த ராசா" என்று ஆரம்பித்துவிட்டாள், மார்பில் அடிக்கிற சத்தம் கதவைத் தாண்டிக் கேட்கிறது. உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு ஒப்பாரி. வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்தது. எஸ்தர் சிஸ்டர் ஆம்பூல் பெட்டியோடு ஓடிவந்தார், டாக்டர் ஓடிவந்தாள், இரண்டு பேரும் முதலில் என் கையைத்தான் பார்த்தார்கள், நான் நிறுத்திவிட்டேனோ என்று. நிறுத்தவில்லை. "கயிறு டாக்டர், மடியில பாட்டில் வச்சிருந்தான், கயித்துல ஊறியிருந்துச்சு, அவ அத வெறுங்கையால எடுத்துக் கண்ணுல வச்சுட்டா." டாக்டர் குனிந்து கோவனின் இடுப்பைப் பார்த்தாள், தரையில் கிடந்த கயிற்றின் பக்கம் முகத்தைக் கொண்டுபோய்ச் மருந்து நெடியில் சட்டென்று பின்வாங்கினாள், சோப்புத் தண்ணீர் என்று கத்தினாள். அவள் கோவனைக் கழுவினாள், சிஸ்டர் தையலைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கண்ணில் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தார். நான் எண்ணினேன். என்னால் எண்ணத்தான் முடியும். அம்மா வெளியே தன் பிள்ளை நடந்த நடையைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள், யாரோ அவளிடம் போய் உயிர் இருக்கிறது என்று சொல்கிறார்கள், அவள் கேட்கவில்லை.

தையலைக் கொண்டுவந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். முகமெல்லாம் நனைந்து, முந்தானை நனைந்து, கண் இரண்டும் சிவந்து. மணி மூன்று இருபது. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் கட்டில்மேல் அடித்துக்கொண்டிருந்தது, கண் கூசும் வெயில். அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். "அண்ணி, கரண்ட்டு போயிருச்சா?" "இல்லையே." "மழ மோடம் போட்டிருக்கா? ஏன் இப்படி இருட்டிக்கிட்டு வருது?" டாக்டர் டார்ச்சை எடுத்து அவள் கண்ணில் அடித்துப் பார்த்தாள். பிறகு என்னிடம், தாழ்ந்த குரலில், "கடுகாயிடுச்சு மேடம், ரெண்டும். கண்ணோட நிக்கும்னு நெனைக்கிறேன், சரியாயிடும், நான் பாத்துக்கறேன்" என்றாள். "அப்ப இவருக்கு இவ்ளோ நேரமும் அங்கருந்துதான்" என்றவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. காலையிலிருந்து விஷம் குடித்தவனைப் பார்க்கிற மாதிரி அவள் வைத்திருந்த முகம் மாறியது, அதை நான் பார்த்தேன். தையலும் கேட்டுக்கொண்டிருந்தாள். கையை நீட்டித் துழாவினாள், கட்டில் கம்பி பட்டது, அதைப் பிடித்துக்கொண்டு இருட்டுக்குள்ளிருந்து என் முகம் இருக்கும் பக்கமாகத் திரும்பினாள்.

"அண்ணி, இது அந்தக் கயித்துலருந்துதானே வந்துச்சு எனக்கு?"

"ஆமா."

"அவருக்கும் அதுலருந்துதானா?"

"ஆமாம்மா."

"அப்ப அவரு குடிக்கலியா?"

நான் ஐந்து எண்ணினேன், அமுக்கினேன். "குடிக்கல" என்றேன். அவள் ஸ்டூலிலிருந்து அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து, கட்டில் காலில் தலையை முட்டி, காலையிலிருந்து அழாத அழுகையை அழுதாள். வெளியே அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். நாலு மணிக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.